பெட்டிக்குள் சின்னபொண்ணு

விழுப்புரம்
9-6-2025

பெரிய ஆயாவுக்குச் சேரன் வணங்கி எழுதுவது.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. உங்கள் தங்கை சின்னபொண்ணுவின் பேரன் நான். உங்கள் வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்தேன். ஆயா பெயரைச் சொன்னதும் கட் ஆகிவிட்டது. அதனால் கடிதம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன்.

நானும், செஞ்சிப் பக்கத்துப் பெண் சஹானா என்ற தோழியும் விழுப்புரத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் செய்கிறோம். ஒரே குடும்பமாக மூன்று: பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறியது, கடைகளுக்கு நடுத்தரம், ஆபீசுக்குப் பெரியது. மூன்றையும் உள்ளே இருந்து இயக்குகிற மென்பொருளையும் நாங்களே எழுதினோம். அதன் பெயர் ‘வாசல்’. விஜயதசமி அன்று வெளியிடுகிறோம்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக அது பேசும். நம் பக்கத்துப் பேச்சில், எங்கள் ஆயாவின் குரலில். ஒருவர் குரலை நிறையப் பதிந்துவிட்டால், அவர் சொல்லாததையும் அதே குரலில் கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

ஆனால் ஆயா மயிலம் மலையில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்களாம், தன் குரல் இனி உங்கள் காதில் விழாது என்று. இந்தக் கம்ப்யூட்டர் திண்டிவனத்துக் கடைகளுக்கும் வரும். “எங்க அக்கா சத்தியத்தைத் திருப்பிக்கினாத்தான் நீ விக்கணும். இல்லாங்காட்டி என் குரலைத் தூக்கிக் கடாசு” என்கிறார்கள். அந்தக் குரல் இல்லையென்றால் எங்களுடையது கடையில் இருக்கிற பத்தோடு பதினொன்றாக ஒரு பெட்டிதான்.

உங்கள் சம்மதம் வேண்டும். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சேரன்


திண்டிவனம்
16-6-2025

சேரனுக்கு அம்சவள்ளி எழுதுவது.

நான் இருக்கிறேன். முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

போனை வைத்தது நான்தான். குரல் வரக்கூடாது என்பதுதான் பேச்சு. கடிதத்துக்குக் குரல் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எதற்கு அந்தச் சத்தியம் என்று உன் ஆயா உனக்குச் சொன்னாளா? சொல்லியிருக்கமாட்டாள். நான் சொல்கிறேன். நாங்கள் ஓமந்தூரில் இருந்தபோது என் வீட்டுக்காரர், உன் பெரிய தாத்தா, பாம்பு தீண்டி இறந்தார். ஐப்பசி மழை. மறுநாள் காலையில் விழுப்புரத்திலிருந்து இவள் வந்தாள். வந்தவள் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஊரே கூடியிருக்க, ஒப்பாரி எடுத்தாள். ஒப்பாரிக்கு இவளை ஏழு ஊரில் கூப்பிடுவார்கள், அப்படி ஒரு தொண்டை.

“ஆஸ்பத்திரி பஸ்ஸு வந்து
ஆலமரத்தாண்ட நின்னிருக்க
மந்திரத்த நம்பவெச்ச
மகராசி யாரோ எம் மாமா.”

மகராசி யார்? நான்தான். பெண்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்லுவேன். கருமாதி முடிந்த அன்றே மயிலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கினேன்.

அந்த வரி பொய். எப்படிப் பொய் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு.

அந்தக் குரலை உரக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் நான் கேட்க வேண்டுமா? சம்மதம் இல்லை.

உன் அப்பா அம்மாவை விசாரித்ததாகச் சொல். அவளை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

அம்சவள்ளி


விழுப்புரம்
24-6-2025

பெரிய ஆயாவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? இங்கே அனைவரும் நலமாக இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை ஆயாவிடம் படித்துக் காட்டினேன். ஒப்பாரி வந்த இடத்தில் “நிறுத்து” என்றார்கள். பிறகு “எழுத்து இன்னும் குண்டு குண்டாத்தான் எழுதறாளா?” என்று கேட்டார்கள்.

உங்களை வற்புறுத்தவில்லை. சிறிய கம்ப்யூட்டர் ஒன்றை பார்சலில் அனுப்புகிறேன். குரலை அணைத்து வைத்திருக்கிறேன், பேசாது. என்ன பொருள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் மருமகளுக்கு நெட் இணைக்கத் தெரியும் அல்லவா?

ஆயாவின் குரலைப் பதிகிற வேலை மட்டும் நடக்கிறது. ஆயாதான் “ஜல்தி ஜல்தி” என்று எங்களை விரட்டுகிறார்கள். காலையில் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருப்பதில்லை.

சேரன்


திண்டிவனம்
8-7-2025

சேரனுக்கு,

நானும் முழங்காலும் அப்படியே இருக்கிறோம். பெட்டி வந்தது. அரிசிமுறம் அளவுக்கு இருக்கிறது. மருமகள் கவிதா அதைத் திறந்து, தமிழிலேயே எல்லாம் இருக்கிறது என்று வாயைப் பிளந்தாள். அவளுக்குக் குழம்பில் உப்புப் பார்க்கத்தான் வராது, இதெல்லாம் வரும். உள்ளே இருந்து எல்லாரையும் வேலை வாங்குவது இந்த ‘வாசல்’தான் என்றாள். அப்படியென்றால் மாமியார் என்று சொல் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்கிறேன். சின்னபொண்ணு ஜல்தி என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவள் எதற்கும் அவசரப்பட்டவள் இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் முகூர்த்தத்தை நிறுத்திவைத்துவிட்டுப் பூ சரியில்லை என்று பின்னலை அவிழ்த்துக் கட்டினவள். அவளுக்கு இப்போது என்ன ஜல்தி?

விஜயதசமிக்கு இன்னும் நாள் கிடக்கிறதே.

அம்சவள்ளி


விழுப்புரம்
14-7-2025

பெரிய ஆயாவுக்கு,

இங்கே நல்ல வெயில். அங்கே எப்படி? நிலத்தில் மல்லாட்டை போட்டிருக்கிறீர்களா?

மூன்று கம்ப்யூட்டரிலும் மென்பொருளை ஏற்றிச் சோதித்துவிட்டுத்தான் விற்பனைக்குப் பெட்டி கட்ட முடியும். குரல் உண்டா இல்லையா என்பது அதற்குள் முடிவாக வேண்டும். அதுதான் அவசரம். சம்மதம் கிடைக்காவிட்டால் வேறு யாரோ ஒருவர் குரலை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறாள் சஹானா. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வரி எழுதுங்கள். ஆயா தபால்காரரைத் தினமும் கேட்கிறார்கள்.

சேரன்


திண்டிவனம்
29-7-2025

சேரனுக்கு,

நலமெல்லாம் அப்புறம்.

நேற்றுக் காலை நான் விதைக்கு மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி அது பாட்டுக்கு அணைந்து எரிந்தது. “வாங்க. ஒக்காருங்க. இன்னா வேணும்?” என்றது.

முப்பது வருஷத்துக்கு மேல் காதில் விழாத குரல். முறம் கையை விட்டுப் போய்விட்டது. கவிதா ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினாள். நான் அதற்குப் பதில் சொன்னேன் என்று உன்னிடம் கவிதா சொல்லுவாள். நம்பாதே.

பேசாது என்று எழுதினாயே. கற்பூரம் என்ன விளையாட்டா? உன் வீட்டுப் பேச்சே இப்படித்தான். முன்னால் சொல்லுவது ஒன்று, ஊர் கூடினதும் வருவது ஒன்று.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. “ஒக்காருங்க” என்பதற்கு முன்னால் அவள் மூச்சு வாங்குகிறாள். சொல்லின் கடைசியில் உமி ஒட்டினது போல ஒரு கரகரப்பு. நான்கு தெருவுக்குக் கேட்கிற ஒப்பாரியை மூச்சு விடாமல் எடுத்தவள் அவள். மூன்று சொல்லுக்கு மூச்சு வாங்குவாளா? வயசு என்று சொல்லாதே, எனக்கு அவளைவிட நாலு வயசு கூட.

அவள் தொண்டையில் என்ன?

அம்சவள்ளி


விழுப்புரம்
1-8-2025

பெரிய ஆயாவுக்கு,

தப்பு என்னுடையது. மென்பொருளில் திருத்தம் ஒன்றை எல்லாச் சோதனைக் கம்ப்யூட்டருக்கும் நெட் வழியாக அனுப்பினோம். அது ஏறியதும் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எரியும். நான் அணைத்து வைத்த குரலும் அதில் பழையபடி திறந்துகொண்டது. வெளியிடுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டிய கோளாறு. உங்கள் வீட்டில் கண்டுபிடிக்கும்படி ஆகிவிட்டது. சரிசெய்துவிட்டோம். ஆயாவிடம் இதை நான் சொல்லவில்லை, தயவுசெய்து நீங்களும் யார் மூலமும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

நீங்கள் கேட்டதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மல்லாட்டை விதைத்தாகிவிட்டதா?

சேரன்


திண்டிவனம்
4-8-2025

சேரனுக்கு,

மல்லாட்டை கிடக்கட்டும்.

வாயைத் திறக்காதே. கையால் எழுது. ஆபரேஷன் என்றைக்கு?

அம்சவள்ளி


விழுப்புரம்
6-8-2025

பெரிய ஆயாவுக்கு,

ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை. குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உயிருக்குப் பயம் இல்லையாம். அதற்குப் பிறகு பேச முடியாது.

கட்டி என்று தெரிந்த அன்றுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. குரல் போய்விட்டாலும், ஆயா தட்டுவதை ஆயாவின் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும். ஊருக்கு விற்கிற கம்ப்யூட்டரில் அது இருந்தால் இன்னும் பல வருஷத்துக்கு இருக்கும் என்று நினைத்தேன். “எனக்கு நோவுன்னு தெரிஞ்சி எங்க அக்கா எறங்கி வரக்கூடாது. வந்தா கோவம் தீந்து வரணும்” என்றார்கள் ஆயா. அதனால் மறைத்தேன். இப்போது வாக்கு தவறிவிட்டேன்.

ஆடிக் கடைசி வெள்ளி அன்று ஆயாவை மயிலத்துக்கு அழைத்து வருகிறேன். நீங்கள் சத்தியம் வாங்கின அதே படிக்கட்டு. ஒரு வார்த்தை, திருப்பிக்கொண்டேன் என்று. அன்று ஆயாவுக்குக் குரல் இருக்கும். நீங்கள் எதையோ சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, சொன்னால் பதில் கிடைக்கும்.

வாருங்கள்.

சேரன்


விழுப்புரம்
27-8-2025

பெரிய ஆயாவுக்கு,

நீங்கள் வரவில்லை. கடிதமும் இல்லை.

காலை பஸ்ஸில் போனோம். ஆயா பூ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மேலே சாமி பார்க்கக்கூட வரவில்லை. “எந்திரிச்சிப் போனா அந்த நேரம் பாத்து வருவா, வந்தவ திரும்பிப் போயிடுவா” என்றார்கள். திண்டிவனத்து பஸ் வரும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். விளக்கு வைத்த பிறகு நான்தான் எழுப்பினேன். ஆபரேஷனுக்கு முந்தின அந்த மூன்று நாளில் அதிகம் பேசவே இல்லை, குரல் இருந்தும்.

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறார்கள். கண்ணால் பேசுகிறார்கள்.

சஹானா வேறு ஒரு குரலை விலைக்கு வாங்கிவிட்டாள். யாரோ ஒரு பெண். சுத்தமான குரல், எந்த ஊர் என்று தெரியாத குரல். அடுத்த வாரம் எல்லா கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றிவிடுவோம். ஆயாவின் குரல் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பெட்டியில் இருக்கும். இனி உங்கள் காதில் விழாது. உங்கள் சத்தியம் பத்திரமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேரன்


திண்டிவனம்
30-8-2025

சேரனுக்கு,

கோபமாக எழுதியிருக்கிறாய். எழுதத் தெரிந்த கோபம், நல்லது. நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அது தப்பு.

நான் உங்களுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். நீ நீலச் சட்டை. கையில் மருந்துப் பை. அவளை வெயில் படாமல் படியின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனாய். நான் அவளுக்குப் பின்னால் தேங்காய்க் கடைப் பந்தலில், மறைவாக, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினால் அவள் கொண்டையைத் தொடலாம். கொண்டை சிறுத்துப்போய்விட்டது.

நீ போனதும் பூக்காரியிடம் பேசினாள். “இந்தப் பூ வாடிக்கீது, வேற குடு. எங்க அக்காவுக்கு வெக்கணும். வாடின பூவக் குடுத்தா அதுக்குத் தனியா ஒரு வருசம் பேசமாட்டா.” பூக்காரி, “அம்மாம் பேஜாரு புடிச்ச அக்காவா?” என்றாள். “ஆமாம். ஆனா எங்க அக்காவ நீ சொல்லாத” என்றாள் இவள். கரகரப்பு இருந்தது. ஆனாலும் அவளேதான்.

அன்று முழுவதும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் பேசினது, குரங்கை விரட்டினது, எல்லாம். சத்தியத்தை அவள் மீறவில்லை. நான்தான் காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஏன் எதிரில் போகவில்லை என்று கேட்பாய். போயிருந்தால் அவள் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பாள். அன்றைக்குப் பிணத்தின் முன்னால் கடைசிப் பேச்சு அவளுடையது. இங்கேயும் அவளே கடைசியாகப் பேசிவிட்டு, அதோடு வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள். நான் மறுபடியும் பதில் பேச ஆள் இல்லாமல் வீட்டுக்கு வர வேண்டும். எனக்குக் கால் வரவில்லை. முழங்கால் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

நீங்கள் போன பிறகு அவள் உட்கார்ந்திருந்த படியில் கற்பூரம் ஏற்றினேன். அன்றைக்கு அவள் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். இதை நான் அணைக்கவில்லை. தானாக எரிந்து தீரும்வரை நின்றேன். கடைசி பஸ் போய்விட்டது, ஷேர் ஆட்டோவில் வந்தேன். திருப்பிக்கொண்டாகிவிட்டது.

அந்த விலைக்கு வாங்கின குரலைத் தூக்கி எறி. எந்த ஊர் என்றே தெரியாதவள் நம் ஜனங்களை எப்படி உட்காரச் சொல்லுவாள்? சஹானாவிடம் நான் சொன்னதாகச் சொல். பெட்டிக்குள் சின்னபொண்ணுவே இருக்கட்டும்.

நான் மயிலம் வந்ததை அவளிடம் சொல்லாதே. பூ யாருக்கு வைத்தாள் என்று மட்டும் எழுது.

அம்சவள்ளி


விழுப்புரம்
6-10-2025

அக்காவுக்கு,

சின்னபொண்ணு. பெட்டியில தட்டறேன், சேரன் காயிதத்துல எடுத்துக் குடுப்பான். ஒரு எழுத்துத் தட்டறதுக்குள்ள ஒரு உருண்டை கேப்பைக் களி தின்னுடலாம். ஒடம்பு தேவலாம். கஞ்சி எறங்குது. கழுத்துல ஓட்டை, துணி போட்டு மூடிக்கினு இருக்கேன். உனக்கு முட்டி வலி எப்படி இருக்குது?

நீ சத்தியத்தத் திருப்பிக்கினன்னு சேரன் சொன்னான், அதான் என் குரலோடவே மூணு பெட்டியும் விஜயதசமிக்கு வெளிய வந்துச்சி. கல்யாண மண்டபம் நெறைய ஜனம். முன் வரிசையில உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன், யாரையும் ஒக்கார விடல. சேரன் சுவிச்சைப் போட்டான். “வாங்க. ஒக்காருங்க. இன்னா வேணும்?”னு என் குரல் வந்துச்சி. நான் வாய மூடிக்கினு ஒக்காந்திருக்கேன், மண்டபமே என் குரலக் கேக்குது.

அப்போ கடைசி வரிசையில, தலையில முந்தானையப் போட்டுக்கினு ஒரு கெழவி, “ஒண்ணும் வேணாம் போடி”ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எந்திரிச்சி வர்றதுக்குள்ள ஆள் இல்ல.

அது நீதான். உங்க வீட்டுப் பெட்டி பேசுன அன்னிக்கும் நீ இதையே சொன்னியாம். கவிதா சேரனுக்குப் போன்ல சொல்லிட்டா. மயிலத்துல வாங்கின பூவ நான் யாருக்கும் வெக்கல. சாமி ரூம்ல காஞ்சி கெடக்குது.

வந்தவ ஏன் போயிட்டே? இன்னும் கோவம் தீரலையா?

சின்னபொண்ணு


திண்டிவனம்
11-10-2025

சின்னபொண்ணுவுக்கு,

தீரவில்லை.

முட்டி வலிக்கிறது. உன் கழுத்தில் தூசி படாமல் பார்த்துக்கொள், துணியைத் தினம் துவைத்துப் போடு. கஞ்சியில் பூண்டு தட்டிப் போடச் சொல்.

இப்போது கேள். ஆலமரத்தாண்ட பஸ் நின்றிருந்தது உண்மை. நீ மறுநாள் காலையில் உன் கண்ணாலேயே பார்த்தாய். நேற்றிலிருந்து நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள், உடனே பாட்டுக் கட்டிவிட்டாய். ஏன் நிற்கிறது என்று கேட்டாயா? முதல் நாள் மத்தியானமே ஏரி உடைந்து, ரோட்டில் இரண்டு பக்கமும் தண்ணீர். பஸ் போக வழியில்லாமல் நின்றது. உன் மாமாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் அந்த பஸ்ஸில்தான் ஏற்றினேன். டிரைவர் கோதண்டபாணி, காக்கிச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. “தண்ணி வடியட்டும்மா” என்றான். இடுப்பளவு வெள்ளம். இருட்டுகிறவரை பஸ்ஸிலேயே அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். அதற்கப்புறம்தான் மந்திரிக்கிறவன் வீடு. வேறு யார் வீடு இருந்தது? இரவில் வடிந்தது. வடிந்த ரோட்டில் நீ வந்தாய்.

இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆத்திரத்தில் முதலில் சத்தியத்தை வாங்கிவிட்டேன். அப்புறம் சொல்வதற்கு ஆள் இல்லை. ஊரில் ஒவ்வொருத்தியிடமும் போய் நியாயம் சொல்ல நான் என்ன, குற்றவாளியா? சொன்னால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ என்ன பதில் சொல்லுவாய் என்று நான் கேட்க வேண்டும்.

மண்டபத்திலேயே கேட்டிருப்பேன். அத்தனை பேர் முன்னால் உன்னை ஒரு கேள்வி கேட்டுத் தலைகுனிய வைத்தால், நீ செய்ததையே நானும் செய்ததாகிவிடும். அதுதான் எழுந்து வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. சேரனை அழைத்துக்கொண்டு, முன்னால் உட்காருகிற சீட்டில், காற்றுப் படாமல் வா. காய்ந்துபோனாலும் அந்தப் பூவை எடுத்து வா. இங்கே இருக்கிற பெட்டியைத் துடைத்து, ஒயரைச் சொருகி வைத்திருக்கிறேன். நீ எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் நான் உட்கார்ந்திருப்பேன்.

பதிலை எழுதி அனுப்பாதே. வந்து பேசு.

அக்கா